பாரதியின் பால்யமும் பண்டிதரின் பால்யமும்

சித்தன்னவாசல் என்றால் எல்லோருக்கும் ஓவியம்தான் ஞாபகத்துக்கு வரும். தாமரைக் குளம், யானை, எருமை, மீன், பூப்பறிக்கிற மூன்று பேர். பார்க்க வருகிறவர்கள் அறிவர் கோயிலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே குன்றில் ஏழடிப்பட்டத்துக்கு ஏறுகிறவர்கள் குறைவு. அங்கே பாறையில் படுக்கைகள் வெட்டியிருக்கிறது. சமணத் துறவிகள் படுத்த படுக்கைகள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு வரி. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்கு, சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் சாரம். ஐராவதம் மகாதேவன் இதைக் கி.மு. முதலாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார். எருமி நாடு மைசூர்ப் பக்கம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு.

இந்த ஒரு வரியில் ஒருவனுடைய பிறப்பு பதிவாகியிருக்கிறது. எந்த நாட்டில், எந்த ஊரில் பிறந்தான் என்று சொல்லியிருக்கிறது. இன்ன குலத்தில் பிறந்தான் என்று சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்தவனுக்கு இந்த ஊர்க்காரன் உட்கார இடம் செய்து கொடுத்திருக்கிறான். அந்தக் காலத்தில் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று இதை வைத்துக்கொண்டு நாம் கூத்தாட வேண்டியதில்லை. ஆனால் பிறப்பைப் பற்றி ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்வி 'எந்த ஊரில்?' என்பதாகவும் இருந்திருக்கிறது, 'யாருக்கு?' என்பது மட்டுமே கேள்வி அல்ல. இதற்குப் பாறையே சாட்சி. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் முதல் கேள்வி செத்து இரண்டாவது கேள்வி மட்டும் நின்றது. இன்றைக்கும் நம்ம பையன் வெளியூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், 'தம்பி எந்த ஊரு?' என்று ஆரம்பித்து, 'அந்த ஊர்ல எந்தப் பக்கம்?' என்றுதான் முடிகிறது.

அந்த இரண்டாவது கேள்வியின் காலத்தில் பிறந்த இரண்டு பேரை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் கவிஞர், சுப்பிரமணிய பாரதி. இன்னொருவர் தத்துவவாதி, அயோத்திதாசப் பண்டிதர். இருவருடைய கருத்துகளை ஒப்பிட்டு நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. யார் முற்போக்கு, யார் பிற்போக்கு என்று மார்க் போடுவது என் வேலை இல்லை. அவர்கள் பிறந்த வீட்டையும் வளர்ந்த தெருவையும் மட்டும் பார்ப்போம்.

1

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11. ஊர் எட்டயபுரம். தகப்பனார் சின்னச்சாமி அய்யர் ஜமீனைச் சார்ந்து வாழ்ந்தவர்; கணக்கிலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் உள்ளவர். தாயார் லட்சுமி அம்மாள், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது இறந்துபோனார். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை நம்பித் தகப்பனார் எட்டயபுரத்தில் அரவை ஆலை வைத்தார். அது நொடித்துப்போனது. 1898இல் அவரும் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் பதினாலு வயசுப் பையனுக்கும் ஏழு வயசுச் செல்லம்மாவுக்கும் கல்யாணம் நடந்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளையைக் காசியிலிருந்த அத்தை குப்பம்மாள் அழைத்துக்கொண்டார். 1902இல் ஊருக்குத் திரும்பியபோது எட்டயபுரம் அரண்மனையில் வேலை கிடைத்தது.

பண்டிதர் பிறந்தது 1845 மே 20. இடம் சென்னை ஆயிரம் விளக்கு. பாரதிக்கு 37 வருஷம் மூத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் காத்தவராயன். தகப்பனார் கந்தசாமி. பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். குடும்பம் நீலகிரிக்குப் போய்விட, பிள்ளை மலையில் வளர்ந்தது. வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு ஏறி ஊரும் பங்களாவும் தோட்டமும் உண்டாக்கியபோது, சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நம்முடைய ஜனங்கள் கூடவே ஏறினார்கள். அக்கிரகாரத்துக்கும் ஊர்த்தெருவுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்த கிராமத்தைவிட, நேற்று முளைத்த மலை ஊரில் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருந்தது. பிள்ளை தமிழ் படித்தது, சித்த வைத்தியம் கற்றது, வடமொழியும் பாலியும் இங்கிலீஷும் தெரிந்துகொண்டது. 1870இல், இருபத்தைந்து வயதில், நீலகிரியில் அத்வைதானந்த சபை என்று ஒரு சபையே நடத்தினார்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பார்ப்பான் வீட்டுப் பிள்ளைக்கு ஏடும் எழுத்தும், சேரிப் பிள்ளைக்கு இருட்டு என்று ஒரு பொதுப்புத்தி இருக்கிறது. நம்முடைய ஆட்களே சில சமயம் இரக்கத்துக்காக இதை மேடையில் சொல்லுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. பட்லர் கந்தப்பன் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறளும் நாலடி நானூறும் அந்த வீட்டிலிருந்துதான் ஆரிங்டன் கைக்குப் போய், அவர் மூலமாக எல்லிஸ் துரைக்குப் போய்ச் சேர்ந்தன என்று பண்டிதரே தம்முடைய பத்திரிகையில் எழுதிவைத்திருக்கிறார். குறள் முதன்முதலில் அச்சில் வந்தது 1812இல். எல்லிஸ் 1819இல் இறந்தார். அதாவது, ஜமீன் அரண்மனைப் புலவர்கள் எட்டயபுரத்துச் சிறுவனைக் கூப்பிட்டுப் பட்டம் கொடுப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே, ஒரு பட்லரின் பெட்டியிலிருந்து தமிழ் எழுந்து வந்திருக்கிறது. நமக்குப் படிப்பு புதுசு இல்லை. நம்மிடம் இருந்த படிப்பை நாலு பேர் அறியச் சொல்ல ஒரு அரண்மனை இல்லாமல் போச்சு, அவ்வளவுதான்.

2

இரண்டு பால்யத்தையும் எழுத உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது தாளின் கனம். பாரதியின் சிறுவயதை எழுத ஒரு புஸ்தகம் போதாது. அவரே 1910இல் சுயசரிதையைக் கவிதையாக எழுதினார். மனைவி செல்லம்மாள் எழுதினார். கூடப் பழகியவர்கள் எழுதினார்கள். அவர் பிறந்த வீடு நினைவில்லம். எட்டயபுரத்தில் மணிமண்டபம் 1947இலேயே எழும்பிவிட்டது. 1949இல் அரசாங்கமே அவருடைய நூல்களின் உரிமையை வாங்கிக்கொண்டது.

பண்டிதரின் சிறுவயது அரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. மேலே நான் எழுதினதுதான் ஏறக்குறைய மொத்தமும். 1914 மே 5ஆம் தேதி அவர் இறந்தார். அவர் பத்திரிகையில் எழுதினவை ஞான. அலாய்சியஸ் முயற்சியால் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! இடைப்பட்ட காலத்தில் வடதமிழ்நாட்டிலும் கோலார் தங்கவயலிலும் பவுத்த சங்கத்துக் குடும்பங்கள் பழைய தாள்களை டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றின. சென்னையில் அவருக்கு அரசு மணிமண்டபம் திறக்கப்பட்டது 2023 டிசம்பரில்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான பக்கம் எழுதியவர் பண்டிதர். இந்திர தேசத்தின் சரித்திரத்தை எழுதினார், புத்தரின் சரித்திரத்தை எழுதினார். தன் சரித்திரத்தை எழுதவில்லை. பாட்டன் கந்தப்பனைப் பற்றி அவர் பேசுவதுகூடக் குறள் விஷயத்தில் சாட்சி சொல்லத்தான். பாரதி தன் பால்யத்தை எழுதும்போது 'நான்' என்று எழுதுகிறார். அந்த 'நானை'க் கேட்க ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பண்டிதர் 'நாங்கள்' என்று வழக்காட வேண்டியிருந்தது. கோர்ட்டில் நிற்கிறவன் தன் பிள்ளைப் பிராயத்துக் கனவையா சொல்லிக்கொண்டிருப்பான்? பாத்தியதையை நிரூபிக்கிற பத்திரத்தைத்தான் எடுத்து வைப்பான். பால்யம் என்பதுகூட ஒரு சொத்துதான் தோழர்களே. எழுதி அனுபவிக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அது கிடைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கிழவிகளிடம் கேட்டுப் பாருங்கள். 'புயல் அடிச்ச வருசத்துக்கு மறுவருசம் கதிரறுப்புல பொறந்தான்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது வாத்தியார் பார்த்து ஒரு தேதி போடுவார். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் மாசம். ஜாதகம் எழுதி வைத்த வீட்டுக்கும் வாத்தியார் தேதி போட்ட வீட்டுக்கும் உள்ள தூரம்தான் இந்தப் புஸ்தகத்துக்கும் அரைப் பக்கத்துக்கும் உள்ள தூரம்.

3

அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டைத் தட்ட வேண்டும். பண்டிதரின் மனைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் தங்கை. மைத்துனர் சீனிவாசன் 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். சுருக்கம் என்று பெயரிலேயே இருக்கிறது, பாருங்கள்! அதில் தன் படிப்பைப் பற்றிச் சில வரிகள் உண்டு. கோயம்புத்தூர் கலாசாலையில் அவர் படித்தபோது அங்கே சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேர் நீங்கலாக மற்றவர்கள் எல்லாம் பிராமணப் பிள்ளைகள். சாதிக் கட்டுப்பாடு கடுமை. பிள்ளைகளோடு பழகினால், எந்தச் சாதி, எந்தக் குடும்பம், வீடு எங்கே என்று கேட்பார்கள். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். விளையாட்டில் சேரவே இல்லை.

இப்போது பாரதியின் சுயசரிதைக்கு வாருங்கள். அங்கேயும் விளையாடாத ஒரு பிள்ளை இருக்கிறது. ஒத்த வயசுப் பிள்ளைகள் மரம் ஏறி இறங்கிக் கொண்டாடிக்கொண்டிருக்க, தகப்பனார் விதித்த கட்டளைக்குப் பயந்து தெரு விளையாட்டில் சேராமல், புஸ்தகங்களோடு தனியாக உட்கார்ந்து வருந்தியதாக அவர் சொல்கிறார். அந்த வருத்தம் பொய் இல்லை. தாயில்லாப் பிள்ளையின் தனிமை அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் இரண்டு தனிமையும் ஒன்றா? ஒரு பிள்ளையை வீட்டுக்குள் உட்காரவைத்தது தகப்பனின் ஆசை. பையன் பெரிய ஆளாக வேண்டும், இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்கிற ஆசை. தகப்பன் ஒரு நாள் 'போடா, போய் விளையாடு' என்று சொல்லியிருந்தால் தெரு அவனை ஏற்றுக்கொண்டிருக்கும். அது அவனுடைய தெரு. இன்னொரு பிள்ளையை வெளியே உட்காரவைத்தது ஒரு கேள்வி. எந்தத் தகப்பன் அனுமதி கொடுத்தாலும் அந்தக் கேள்வி போகாது. ஒருவன் விளையாட்டை இழந்தான். மற்றவன் தன்னை மறைத்துக்கொள்வதையே விளையாட்டு மாதிரி தினமும் பழகினான். மணி அடிக்கிற நேரத்தைக் காது கூர்ந்து கேட்டு, பந்தயக்காரன் மாதிரி உள்ளே நுழைந்தான்.

இதே கேள்வி 1901இல் மராட்டியத்தில் ஒரு ரயில் நிலையத்தில் கேட்கப்பட்டது. நல்ல சட்டை, தொப்பி போட்டுக்கொண்டு, கோரேகாவில் வேலை பார்த்த தகப்பனைப் பார்க்கப் போன பிள்ளைகள் மசூர் ஸ்டேஷனில் இறங்கி நிற்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு விசாரிக்கிறார். மகர் என்று பிள்ளைகள் சொன்னதும் அவர் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் ஏற்றிக்கொள்ள மறுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அம்பேத்கர். அவருடைய தகப்பனார் ராம்ஜி, வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சுபேதார். மைசூர்ப் பக்கத்து மனிதனுக்குக் குமுழூர் என்று ஊர்ப் பேரைச் சொல்லியே படுக்கை கிடைத்த குன்று இங்கே இருக்கிறது. இரண்டாயிரம் வருஷம் கழித்து ரயில் வந்தது, ஸ்டேஷன் வந்தது; டிக்கெட் எடுத்த பிள்ளைக்கு ஒரு மாட்டுவண்டியில் உட்கார இடம் லேசில் கிடைக்கவில்லை. இதைத்தான் நாகரிக வளர்ச்சி என்று நமக்குப் பாடம் நடத்தினார்கள்.

4

பெயர் விஷயத்துக்கு வருவோம். 1893இல், பதினோரு வயதில், எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் சுப்பையாவின் பாட்டுத்திறத்தைப் பார்த்து 'பாரதி' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். கலைமகளின் பெயர். சபை கொடுத்தது, ஊர் ஏற்றது, அதுவே பெயராக நின்றது.

காத்தவராயனுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. தனக்குப் படிப்புச் சொல்லிக்கொடுத்த வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரைத் தானே எடுத்துத் தன் பெயராக வைத்துக்கொண்டார். சபையோ அரண்மனையோ அங்கே வேலை செய்யவில்லை. ஒரு மாணவன் தன் வாத்தியாருக்குச் செய்த மரியாதை அது. இன்றைக்கு நாம் 'அயோத்திதாசர்' என்று சொல்லும்போதெல்லாம், சரித்திரம் மறந்துபோன அந்த வாத்தியாரின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

காத்தவராயன் நல்ல பெயர், நம்முடைய சாமியின் பெயர். அந்தச் சாமிகளை வைத்தே நம்மை அடித்தார்கள். 1892இல் சென்னையில் விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியது. நீலகிரியின் பிரதிநிதியாகப் பண்டிதர் போயிருந்தார். கல்வி, நிலம், கோயில் நுழைவு என்று கேட்டார். தஞ்சாவூர் சிவநாம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் இருக்கிறார்கள். சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரியவர்கள் அல்ல என்றார். அதே வரிசையைச் சேர்ந்த சாமியின் பெயரோடு பிறந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அப்படியானால் உங்கள் சாமியே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர், 1898இல் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கை போய்ப் பவுத்தரானார். ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கியது. ஒரு தத்துவவாதி பிறந்த கதை இதுதான். பிறந்த குலத்தைச் சொல்லி வாசலை அடைத்தவர்களிடம், அந்தக் குலம் என்கிற கதையே எப்போது, யார் எழுதியது என்று திருப்பிக் கேட்டார். தமிழ் மண்ணின் பழைய பவுத்த, சமணத் தடங்களையெல்லாம் தோண்டி எடுத்து, நாங்கள் தாழ்ந்து பிறந்தவர்கள் அல்ல, தாழ்த்தப்பட்டவர்கள் என்று வழக்கைத் திருப்பினார்.

5

வெள்ளைக்காரன் விஷயம் ஒன்று பாக்கி. பண்டிதரை 'ஆங்கில விசுவாசி' என்றும் பாரதியை 'தேசியகவி' என்றும் இரண்டு பெட்டியில் அடைத்துவிட்டார்கள். பால்யத்தைப் பார்த்தால் பெட்டி உடைகிறது.

தகப்பனாரின் செல்வம் அந்நியர் சதியால் போயிற்று என்று பாரதி தன் சுயசரிதையில் எழுதுகிறார். பதினைந்து வயசுப் பிள்ளை பார்த்தது நின்றுபோன ஆலையையும் ஒடிந்துபோன தகப்பனையும். பண்டிதர் வீட்டில் வெள்ளைக்காரனின் சமையலறை சோறு போட்டது. ஓலைச்சுவடிக்குக் கைமாறும் வழியும் அதுவாகவே இருந்தது. வெள்ளைக்காரன் நல்லவன் என்பதால் அல்ல. கந்தப்பனை அவன் பட்லராகத்தான் வைத்திருந்தான், பக்கத்தில் நாற்காலி போடவில்லை. ஆனால் அந்த அடுப்பங்கரைக்குள் போனவன் அக்கிரகாரத்துத் திண்ணையை மிதிக்க முடியாது என்பதும் அதே காலத்து உண்மை. பாரதிக்கு இழந்த ஆலை ஒன்று இருந்தது. பண்டிதரின் ஜனங்களுக்கு இழக்க ஆலை ஏது?

ஆகவே 1906இல் பாரதி 'இந்தியா' பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோதும், 1907 ஜூன் 19இல் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தபோதும், ஒரே பட்டணத்தில் இரண்டு பத்திரிகைகள் இரண்டு உலகத்தைப் பேசின. ஒன்று சுதேசியைக் கொண்டாடியது. மற்றது, கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவன் கேட்கிற சுயராஜ்யம் யாருக்கு என்று கேட்டது.

பிறப்புதான் சிந்தனையை நிர்ணயிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் சிவநாம சாஸ்திரி சொன்னதையே நானும் சொன்னதாகிவிடும். பாரதி தன் தெருவை விட்டு வெளியே வரத்தான் பார்த்தார். 1913இல் புதுச்சேரியில் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல், சந்தேகமில்லை. ஆனாலும் தன் வீட்டில் இருந்த உயர்ந்த பொருளை எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் உயர்ந்துவிடலாம் என்கிற நம்பிக்கை அதில் இருக்கிறது. பஞ்சமரை ஹிந்து சமூகத்துக்குள் வைத்தே அவர் பேசினார். பண்டிதர் பூணூல் கேட்கவில்லை. பிராமணன் என்கிற சொல்லையே பிடுங்கி, அது பவுத்த நெறியில் நின்றவர்களுக்கு உரிய பெயர், இப்போது அதை வைத்திருப்பவர்கள் வேஷக்காரர்கள் என்றார். கொடுக்கிற கை ஒன்று, பறிக்கப்பட்டதைத் திரும்பக் கேட்கிற கை ஒன்று. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அது. அரண்மனை கொடுத்த பட்டத்தோடு வளர்ந்தவருக்கும், வாத்தியார் பெயரைத் தானே சூடிக்கொண்டவருக்கும் அந்த வித்தியாசம் எங்கே ஆரம்பித்தது என்று பார்க்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நமக்கு முன்னால் வேலை கிடக்கிறது. தலித் வரலாறு என்றால் மாநாடு, தீர்மானம், மனு என்று பெரியவர்கள் ஆன பிறகு செய்ததையே எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் பிள்ளைகளாக இருந்தார்கள் என்பதை எழுதவில்லை. யார் சோறு ஊட்டினது, எந்தத் திண்ணையில் எழுத்து படித்தார்கள், எந்தக் கேள்விக்குப் பயந்து மணி அடிக்கிறவரை வெளியே நின்றார்கள்? தேயிலைத் தோட்டத்துச் சம்பளப் புஸ்தகத்திலும், மாதாகோவில் ஞானஸ்நானப் பதிவேட்டிலும், பஞ்சமர் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலும், தங்கவயல் லைன் வீடுகளின் டிரங்குப் பெட்டியிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது அது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் வீட்டுக் கிழவன் கிழவிகளின் வாயில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் கூடவே போய்விடும். படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். 'தாத்தா, நீங்க சின்னப் பிள்ளையில என்ன விளையாடுவீங்க?' என்று கேளுங்கள். என்ன சாதி என்றே கேட்டுப் பழகின நாட்டில், இதுவரை அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.